கல்லாச் சாவியைக் கொடுக்கும் நாள்



அரசு உத்தியோகத்தில் இருப்பவருக்கு, ஓய்வு பெறும் நாள் வேலையில் சேரும்போதே தெரிந்துவிடுகிறது. தமிழக அரசு ஊழியர்களுக்கு அது 58 வயது என்று இருந்தது. 2020-இல் 59 ஆயிற்று, 2021-இல் 60 ஆயிற்று. அந்த நாள் வந்ததும் மாலை போட்டு, விருந்து வைத்து, வீடு வரை கொண்டுவந்து விடுகிறார்கள். நமக்கு அப்படித் தேதி குறித்துக் கொடுப்பவர் யார்? காலையில் கடை திறக்கிறோம், இரவில் எடுத்து வைக்கிறோம். இப்படியே முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

"வியாபாரிக்கு ஏது ரிட்டயர்டு அண்ணாச்சி? நாலு பேர் தூக்கிட்டுப் போற அன்னைக்குத்தான்!" என்று பஜாரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லிச் சிரித்தவன்தான். இப்போது சொல்வதில்லை. ஏன் நிறுத்தினேன், அதற்குப் பிறகு என்ன செய்தேன், எங்கே சறுக்கினேன் என்பதையெல்லாம் நம் இதழில் எழுதினால் யாருக்காவது பயன்படும் என்று நண்பர்கள் வற்புறுத்தியதால் எழுதுகிறேன்.

விருதுநகரில் எனக்குப் பருப்பு, வத்தல், மல்லி மொத்த வியாபாரம். 1976-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு தந்தையாரின் மண்டியில் உட்கார்ந்தேன். மேற்படிப்பு இல்லை. இப்போது வயது 66.

சிட்டையில் இருந்த சிவப்புச் சட்டை

என் கடைக்கு எதிர் வரிசையில் நண்பர் ஒருவர் எண்ணெய் வியாபாரம் செய்தார். வாக்குத் தவறாத மனிதர். 2016 தை மாதம், லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வயது 61. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுச் சிட்டையைக் காட்டினார்கள். வெளியில் நிற்கும் கடனில் பாதிதான் எழுத்தில் இருந்தது. எழுதியதிலும் பெயர் இல்லை. "சாத்தூர் 40", "பழைய ஆள் 15", "சிவப்புச் சட்டை 6" என்று இருந்தது. அவருக்கு அது போதும். முகத்தைப் பார்த்தாலே பாக்கி ஞாபகம் வந்துவிடும். ஆனால் அந்த ஞாபகத்தை அவர் தம்மோடு கொண்டுபோய்விட்டார்.

அவருக்குப் பணம் தர வேண்டியவர்களில் பலர், "அப்பாகிட்ட அப்பவே குடுத்துட்டேனே" என்றார்கள். அவரிடம் பணம் வர வேண்டியவர்களோ அதே வாரத்தில் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு வந்தார்கள். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தது என்பதே அவர் மனைவிக்கு அப்போதுதான் தெரிந்தது. கிட்டங்கியை விற்றுக் கடனை அடைத்தார்கள். "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று நம் பெரியவர்கள் சொன்னதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு கிராமத்துக் கடைக்காரர் தேடி வந்தார். "சிவப்புச் சட்டைன்னு எழுதியிருப்பாரே, அது நான்தான்" என்று ஆறாயிரம் ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை நம்பி ஒரு குடும்பம் முதுமையைக் கழிக்க முடியாது.

மூன்று விரல்

இவ்வளவையும் பார்த்த பிறகாவது நான் திருந்தினேனா என்றால் இல்லை. "நமக்கு என்ன, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று இருந்தேன். 2019 கார்த்திகையில் எனக்கே வந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் படுத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மகன் கட்டிலருகே வந்து, "அப்பா, குண்டூர்க்காரர் போன் பண்ணினார். அவருக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்டான். வாயில் ஆக்சிஜன் முகமூடி. மூன்று விரலைக் காட்டினேன். மூன்று லட்சமா, மூன்று லோடுக்கா, மூன்றாம் தேதியா? அவனுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் பயனில்லை. வங்கியில் கையெழுத்து என்னுடையது மட்டும்தான். தந்தையார் காலம் தொட்டு ஒரு தவணைகூடத் தவறாத எங்கள் கடை, அந்த மாதம் முதன்முறையாகக் குண்டூருக்குத் தவணை சொன்னது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மகன் சொன்னான்: "பதினோரு வருஷமா கடையில இருக்கேன்பா. லாரி பேசத் தெரியும். வத்தலைக் கையில எடுத்தா காம்புல ஈரம் இருக்கா இல்லையான்னு தெரியும். கல்லாவுல எவ்வளவு இருக்கு, வெளியில எவ்வளவு நிக்குதுன்னு மட்டும் தெரியாது."

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது எனக்கு உறைத்தது. அவனுக்கு அப்போது வயது 33. அந்த வயதில் நான் தனியாகக் குல்பர்கா போய்த் துவரை பேசி முடித்து வந்தவன். என் தந்தையார் என்னை நம்பிச் சாவியைக் கொடுத்தார். நான் என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. சம்பளமில்லாத கணக்கப்பிள்ளையாக அவனை வைத்திருந்தேன்.

அந்த வாரமே பேரேட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, "2022 விஜயதசமி" என்று எழுதி வைத்தேன். நமக்குத் தேதி குறிக்க வேறு யாரும் இல்லை என்பதால் நாமேதான் குறித்துக்கொள்ள வேண்டும். தேதி எழுதிவிட்டால் மற்ற வேலைகளெல்லாம் தாமாக வரிசைக்கு வந்துவிடுகின்றன.

மூன்று ஆண்டுகள் எதற்கு?

நண்பர்கள் சிலர் கேட்டார்கள். சாவியைக் கொடுக்க ஒரு நிமிடம் போதும், கடையைக் கொடுக்கத்தான் காலம் பிடிக்கிறது. நான் இப்படிப் பிரித்துக்கொண்டேன்.

முதல் ஆண்டு கொள்முதல். குண்டூர் வத்தல், குல்பர்கா துவரை, ராஜஸ்தான் மல்லி என்று ஒவ்வொரு மார்க்கெட்டாரிடமும் மகனையே பேச வைத்தேன். 2020-இல் ஊரடங்கு வந்தது. மளிகை அத்தியாவசியம் என்பதால் கடை நடந்தது. டாக்டர் சொன்னபடி நான் வீட்டில் அடைந்து கிடந்தேன். அவன் செல்போனிலேயே ஆர்டர் எடுத்து, பணமும் செல்போனிலேயே வாங்கி, வண்டி ஏற்றி அனுப்பினான். கொள்முதலைக் கொடுக்கப்போய் விற்பனையும் சேர்ந்து போய்விட்டது.

இரண்டாம் ஆண்டு வங்கியும் வரியும். காசோலையில் அவன் கையெழுத்தும் செல்லும்படி செய்தேன். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது, எதைச் சிறு பையில் போடுவது, எதை 30 கிலோ மூட்டையாக அனுப்புவது என்று அவனே முடிவு செய்தான். என்னிடம் கேட்டிருந்தால் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாகக் கொடுத்தது கடன் புத்தகம். அதுதான் கடினம். சரக்கின் விலை எழுத்தில் இருக்கும். யாருக்கு எவ்வளவு வரை கடன் தாங்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஒவ்வொரு பெயராக எடுத்து, ஊர், முழுப்பெயர், செல் எண், எத்தனை ஆண்டுப் பழக்கம், எந்த மாதத்தில் இழுப்பார், எந்த மாதத்தில் தருவார் என்று எழுதினோம். ஏழு மாதம் ஆயிற்று. பழைய பாக்கிக்காரர்களிடம் பாக்கித் தொகையை எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். தவணை குறிப்பிடாமல் விற்ற சரக்குக்குச் சட்டப்படி மூன்று ஆண்டுக்குள்தான் வழக்குப் போட முடியும். அந்தக் காலம் முடிவதற்குள் பாக்கிக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடு மறுபடி புதிதாகத் தொடங்கும். இதை அறியாமல் கைவிட்ட பாக்கி நம் பஜாரில் எவ்வளவு!

முதுமைக்கும் ஒரு மகமை

இனிப் பணத்துக்கு வருவோம். "கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, அதுதானே பென்ஷன்" என்று நினைக்கிறோம். யோசித்துப் பாருங்கள். கடையில் இருப்பதில் ஒரு பகுதி மார்க்கெட்டாருடையது, ஒரு பகுதி வங்கியுடையது, ஒரு பகுதி வெளியில் நிற்கிறது. மிச்சம் சரக்காக இருக்கிறது. பருப்பு மூட்டையைக் கொடுத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்க முடியாது.

நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துத்தான் கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். லாபம் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சரக்குப் புரண்ட உடனே எடுத்து வைத்தார்கள். அதே முறையில் முதுமைக்கும் ஒரு மகமை எடுங்கள். முதலில் உங்களுக்கென்று மாதச் சம்பளம் ஒன்றைக் கடைக் கணக்கில் எழுதுங்கள். வீட்டுச் செலவு அதற்குள் நடக்கட்டும். பிறகு தினமும் கல்லா எண்ணும்போது முதுமைக்கான தொகையைத் தனியே எடுத்து வையுங்கள்.

தினம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 36,000. ஆண்டுக்கு 7 சதவீதம் வட்டி கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 15 ஆண்டில் ஏறத்தாழ 9 லட்சம் சேரும். 25 ஆண்டு போட்டால் ஏறத்தாழ 22 லட்சத்து 75 ஆயிரம். பத்து ஆண்டு முன்னால் தொடங்கியவர் கூடுதலாகப் போட்ட பணம் 3 லட்சத்து 60 ஆயிரம்தான். கிடைப்பதோ இரண்டரை மடங்கு. விலைவாசியையும் மறக்கக் கூடாது. இன்று மாதம் 25,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு, விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இருபது ஆண்டு கழித்து 80,000 வேண்டியிருக்கும்.

எங்கே போடுவது? ஒரே இடத்தில் போடாதீர்கள். நமக்குப் பொருந்துவதாக நான் கண்டவை இவை.

பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதி. 15 ஆண்டுத் திட்டம், பிறகு ஐந்து ஐந்து ஆண்டாக நீட்டிக்கலாம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். வியாபாரிக்கு இதில் பெரிய அனுகூலம் ஒன்று உண்டு. கடன்காரர் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கி வந்தாலும் இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. அதுபோலவே, ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் என்று எழுதிக் கொடுத்தால், அந்தப் பணம் மனைவி மக்களுக்கே போய்ச் சேரும். கடை நொடித்தாலும் கடன்காரர் கேட்க முடியாது. எதிர் வரிசை நண்பர் இந்த ஒன்றைச் செய்திருந்தால் அவர் மனைவி இவ்வளவு தவித்திருக்க மாட்டார்.

நாற்பது வயதுக்கு உட்பட்ட தம்பிகளுக்கு இரண்டு சிறு பென்ஷன் திட்டங்கள் உண்டு. ஒன்று, 2015-இல் வந்த அடல் பென்ஷன். அதில் 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். மற்றது, ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு மிகாத வியாபாரிகளுக்கென்று 2019-இல் கொண்டுவந்தது. அதில் 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். இரண்டிலும் சேரும் வயது 18 முதல் 40 வரை. வருமான வரி கட்டுபவர் சேர முடியாது. தொகை சிறிதுதான். ஆனாலும் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளையும் இதில் சேர்த்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும். தேசிய ஓய்வூதியத் திட்டம் 2009 மே 1 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்திருக்கிறது. அதையும் வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

60 ஆனவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அஞ்சலகத்திலும் வங்கியிலும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் தனித்தனியே போடுவது நல்லது. மருத்துவக் காப்பீட்டை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். நோய் வந்த பிறகு எடுத்தால் அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு.

இன்னொன்று. சரக்கு மலிவாக வருகிறது என்று முதுமைப் பணத்தை எடுத்துக் கடையில் போடாதீர்கள். நான் ஒருமுறை உளுந்தில் அப்படிப் போட்டு, மூன்று ஆண்டுச் சேமிப்பை நான்கு மாதத்தில் இழந்தேன்.

எழுத்தில் செய்ய வேண்டியவை

தனி முதலாளியாக இருக்கும் கடையை மகனிடம் கொடுப்பதென்றால் ஜி.எஸ்.டி. பதிவு அப்படியே மாறிவிடாது. பான் எண் வேறாகிவிடுவதால் மகன் பெயரில் புதுப் பதிவு எடுக்க வேண்டும். பழைய பதிவில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை, ஐ.டி.சி.-02 படிவத்தின் மூலம் புதியதற்கு மாற்றிக்கொண்ட பிறகே பழையதை ரத்து செய்ய வேண்டும். அவசரப்பட்டு முதலில் ரத்து செய்து வரவை இழந்தவர்கள் உண்டு. உணவுப் பாதுகாப்பு உரிமம், கடை வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு எல்லாம் எந்தப் பெயரில் இருக்கின்றன என்றும் பாருங்கள்.

நாங்கள் 2021 ஏப்ரல் 1 முதல் கூட்டு வியாபாரமாக மாற்றினோம். நான், மகன், மருமகள் என்று மூவர். மருமகள் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். இருவர் கூட்டில் ஒருவர் விலகினால் மிச்சமிருப்பது ஒருவர். ஒருவர் மட்டும் கூட்டாளியாக இருக்க முடியாது. தவிர, பி.காம். படித்த அந்தப் பெண்தான் இன்று எங்கள் கணக்கைப் பார்க்கிறாள். 2024 மார்ச் 31-இல் நான் முறைப்படி விலகினேன். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவு பெற்ற நிறுவனத்திலிருந்து விலகும்போது பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால், நாம் விலகிய பிறகு கடை வாங்கும் கடனுக்கும் நம்மைக் கேட்கலாம்.

மகளை மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் வந்த சட்டத் திருத்தங்களால் பெண் பிள்ளைக்கும் குடும்பச் சொத்தில் உரிமை வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. கடை மகனுக்கு என்று முடிவு செய்யும் முன் திருப்பூரிலிருந்து மகளை வரவழைத்து, கணக்கை விரித்து வைத்துப் பேசி, அவள் பங்கை முடிவு செய்த பிறகே கையெழுத்துப் போட்டோம். உயில் எழுதுங்கள், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது.

குடியிருக்கும் வீட்டை மட்டும் உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசிவரை நம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பராமரிப்பு நின்றுபோனால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க, 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி உண்டு. பிள்ளை மேல் நம்பிக்கை இல்லாததால் சொல்லவில்லை. எடை சரியாக இருக்கும் என்று நம்பினாலும் நாம் தராசில் வைத்துத்தானே வாங்குகிறோம்?

இரண்டு கல்லா

2022 விஜயதசமி அன்று பூஜை முடிந்ததும், தந்தையார் எனக்குக் கொடுத்த இரும்புச் சாவியை மகன் கையில் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க எங்கப்பா உட்காருவீங்க?" என்று கேட்டான். "சரக்கு வாங்க வர்றவங்க உட்கார்ற பெஞ்சுல" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அப்படி இருக்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பழைய வாடிக்கைக்காரர் வீடு தேடி வந்தார். முப்பது ஆண்டுப் பழக்கம். 80,000 ரூபாய் பாக்கி. மகன் சரக்கை நிறுத்தியிருந்தான். "நம்ம காலத்துல இப்படியா அண்ணாச்சி?" என்று அவர் கேட்டதும் எனக்கு மனது இளகிவிட்டது. கிட்டங்கிக்குப் போன் போட்டு இரண்டு மூட்டை ஏற்றிவிடச் சொன்னேன். மகன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கணக்கப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "முதலாளி, தப்பா நினைக்கக் கூடாது. இப்ப பாக்கிக்காரங்க யாரும் கடைக்கு வர்றதில்லை. நேரா உங்க வீட்டுக்கே வந்துரலாம்னு பேசிக்கிறாங்க."

ஒரு கடைக்கு இரண்டு கல்லா இருந்தால் இரண்டும் காலியாகும். அன்றே என் சேமிப்பிலிருந்து அந்த இரண்டு மூட்டைக்கான தொகையை எடுத்துக் கடைக் கணக்கில் கட்டினேன். மகனிடம், "தப்பு என்னோடது" என்றேன். மூன்று விஷயம் பேசி முடிவு செய்துகொண்டோம். கல்லா இருக்கையில் நான் உட்காருவதில்லை. வேலையாட்களுக்கு உத்தரவு போடுவதில்லை. என் யோசனையை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, அவன் கேட்டால் மட்டும் சொல்வது. முதல் நாலு ஞாயிறு அவன் கேட்கவில்லை. ஐந்தாம் ஞாயிறு கேட்டான். இப்போது வாரம் தவறாமல் கேட்கிறான்.

விடிகாலை ஐந்து மணிக்கு

பணத்தை விட, சட்டத்தை விட, பெரிய கஷ்டம் இதுதான். நாற்பத்தாறு ஆண்டுகள் விடிகாலையில் எழுந்து மண்டிக்குப் போன உடம்பு, தேதி குறித்துவிட்டால் மட்டும் தூங்குமா? நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். பேப்பரை இரண்டு தடவை படிப்பேன். பிறகு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து குறை கண்டுபிடிப்பேன். ஒருநாள் மனைவி சொன்னாள்: "இந்தா பாருங்க, இத்தனை வருஷமா இந்த வீடு எனக்கு ஒரு கடை மாதிரி. இங்க நான்தான் முதலாளி. இப்ப வந்து அரிசி டின்னை ஏன் இங்க வெச்சேன்னு கேட்டா எப்படி?"

நியாயம்தானே! ஓய்வுக்குப் பணம் சேர்த்த நான், ஓய்வில் செய்ய ஒரு வேலையைச் சேர்த்து வைக்கவில்லை.

அது தானாக வந்து சேர்ந்தது. பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு தம்பி விபத்தில் போய்விட்டான். அவன் மனைவி ஒரு துணிப்பையில் சிட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை எனக்கு நேரம் இருந்தது. மூன்று வாரம் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, யார் யார் என்று விசாரித்து, பெயர் போட்டுப் பேரேடு எழுதினேன். பாக்கியில் பெரும்பகுதி வசூலாயிற்று. இன்று அவளே கடையை நடத்துகிறாள்.

அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சங்க அறையில் உட்காருகிறேன். உயிரோடு இருப்பவர்களின் சிட்டையையே எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட கடைகளுக்குச் செய்தாயிற்று. வத்தலில் ரகம் பார்ப்பதைச் சில இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். விடியலில் இரண்டு நண்பர்களோடு தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. திருமணமாகி இத்தனை ஆண்டில் மனைவியோடு சேர்ந்தாற்போல் இரண்டு இரவுகூட வெளியூரில் தங்காதவன், போன ஆண்டு காசிக்கு அழைத்துப் போய்வந்தேன்.

ஆகவே தேதி வருவதற்கு முன்பே ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எனக்கு என்ன தெரியும்? அது யாருக்குத் தேவை? தராசு பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறார், வழக்குத் தீர்த்து வைக்கத் தெரிந்தவர் இருக்கிறார், ஐநூறு பேருக்குச் சமையல் சாமான் பட்டியல் போடத் தெரிந்தவர் இருக்கிறார். கடையில் கற்றது எதுவும் வீண் இல்லை. கடையில் இருக்கும்போதே வாரம் அரை நாள் அதைச் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

பிள்ளை கடைக்கு வராவிட்டால்?

சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளையை மளிகைக் கடைக்குக் கூப்பிட்டால் வருவானா? கூப்பிடுவதும் நியாயமில்லை. மகளோ மருமகளோ பார்த்துக்கொள்வார்களா என்று நாம் கேட்பதே இல்லை. ஒருமுறை கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், பத்துப் பதினைந்து ஆண்டு கூடவே இருந்த நம்பிக்கையான ஆளுக்குத் தவணை முறையில் கடையைக் கொடுக்கலாம். கடை நடந்துகொண்டிருக்கும்போது கொடுத்தால்தான் அதன் பெயருக்கும் ஒரு விலை உண்டு. பூட்டிய கடைக்கு அட்டமும் தராசும்தான் விலை போகும்.

மூடுவதே முடிவு என்றாலும் முறையாக மூடலாம். ஓராண்டு முன்பே கடன் கொடுப்பதை நிறுத்தி, வசூலை முடித்து, சரக்கைக் குறைத்து, வேலையாட்களுக்குச் சேர வேண்டியதைக் கணக்கிட்டுக் கையில் கொடுத்து, வாடகை அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, நம் கையாலேயே பூட்டினால் அதில் எந்த அவமானமும் இல்லை.

சகோதரர்களே, இன்று இரவு கடை எடுத்து வைக்கும்போது பேரேட்டின் முதல் பக்கத்தில் ஒரு தேதியை எழுதுங்கள். ஐந்து ஆண்டு தள்ளி இருக்கட்டும், பதினைந்து ஆண்டுகூட இருக்கட்டும். எழுதிவிட்டு வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுங்கள். அதன் பிறகு ஒரு செவ்வாயோ வெள்ளியோ சிட்டையை எடுத்துக்கொண்டு சங்க அறைக்கு வாருங்கள். சிவப்புச் சட்டை, நீலச் சட்டை எல்லாவற்றுக்கும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பெயரும் ஊரும் எழுதிவிடலாம். தேநீர் சங்கச் செலவு.